ஹேவ் போடுவதா, ஹேட் போடுவதா? பிரசன்ட் பெர்ஃபெக்ட், பாஸ்ட் பெர்ஃபெக்ட் முழுமையான வழிகாட்டி

"ஐ ஹேட் சென்ட் யூ எ மெயில் எஸ்டர்டே." நம் அலுவலகங்களில் தினமும் புழங்கும் வாக்கியம் இது. நமக்குள் எழுதிக்கொள்ளும்போது யாருக்கும் உறுத்துவதில்லை. இதையே லண்டனிலோ சிட்னியிலோ இருப்பவர் படித்தால், "அனுப்பியிருந்தாராம், சரி, அப்புறம் என்ன ஆயிற்று?" என்று அடுத்த வரியைத் தேடுவார். அடுத்த வரி இருக்காது. எழுதியவர் சொல்ல வந்தது நேற்று மெயில் அனுப்பினேன் என்பது மட்டும்தான்.

மனத்தில் "அனுப்பியிருந்தேன்" என்று ஓடுகிறது. இருக்கிறேன் என்றால் ஹேவ், இருந்தேன் என்றால் ஹேட் என்று வகுப்பில் படித்தது நினைவில் நிற்கிறது. உடனே கை ஹேட் என்று தட்டிவிடுகிறது. அந்தச் சூத்திரம் பாதி சரி. அதனால்தான் அது ஆபத்து. முழுக்கத் தவறாக இருந்திருந்தால் எப்போதோ கைவிட்டிருப்போம்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. "நான் போவதற்குள் பஸ் போய்விட்டது" என்கிறோம். தமிழில் இருந்ததும் இல்லை, இருக்கிறதும் இல்லை. ஆங்கிலத்திலோ "பை த டைம் ஐ ரீச்ட் த ஸ்டாப், த பஸ் ஹேட் லெஃப்ட்" என்று ஹேட் கட்டாயம் வேண்டும். தமிழ் இருந்தேன் என்னும் இடத்தில் ஆங்கிலம் ஹேட் வேண்டாம் என்கிறது. தமிழ் சும்மா விட்டுவிட்டது என்று முடிக்கும் இடத்தில் ஆங்கிலம் ஹேட் கேட்கிறது. ஆகவே தமிழ் வினைமுடிவைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். அதற்குப் பதிலாக எதைப் பார்ப்பது என்பதைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஒவ்வொன்றையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டு மேலே போங்கள். டென்ஸ் காதில் ஏறினால்தான் நாக்கில் வரும்.

முதல் படி: வடிவத்தைச் சரிபாருங்கள்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்றால் ஹேவ் அல்லது ஹேஸ், கூடவே வினையின் மூன்றாம் வடிவம். பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்றால் ஹேட், கூடவே அதே மூன்றாம் வடிவம். ஹி, ஷி, இட் வந்தால் ஹேஸ், மற்றவற்றுக்கு ஹேவ். ஹேட் எல்லோருக்கும் பொது.

வழுக்கும் இடம் மூன்றாம் வடிவம்தான். கோ, வென்ட், கான் என்ற வரிசையில் கான் வர வேண்டிய இடத்தில் வென்ட் வந்துவிடும்: "ஐ ஹேவ் வென்ட்", "ஹி ஹேட் வென்ட்". இரண்டும் தவறு. கம் என்பதற்கு மூன்றாம் வடிவமும் கம்தான், கேம் அல்ல. ஆகவே "ஷி ஹேஸ் கம்". டிரிங்க் என்பதற்கு டிரங்க், சிங்க் என்பதற்கு சங்க், சீ என்பதற்கு சீன். இந்த ஒழுங்கற்ற வினைகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதைத் தவிர குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஹேவ் என்பதே முக்கிய வினையாகவும் வரும் என்பதால் "ஹேவ் ஹேட்", "ஹேட் ஹேட்" என்று அடுத்தடுத்து வருவதைக் கண்டு மிரள வேண்டாம். "ஐ ஹேவ் ஹேட் மை லஞ்ச்" என்பதில் முதலாவது துணைவினை, இரண்டாவது சாப்பிட்டதைச் சொல்கிறது. அவ்வளவுதான்.

இரண்டாம் படி: எங்கே நின்று பேசுகிறீர்கள்?

மொத்த விஷயமும் இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. ஹான்ஸ் ரைகன்பாக் என்ற ஜெர்மானியத் தத்துவ அறிஞர் 1947ல் இதை மூன்று புள்ளிகளாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, சம்பவம் நடந்த நேரம். இன்னொன்று, நாம் பேசுகிற நேரம். மூன்றாவது, எந்த நேரத்தில் நின்றுகொண்டு அந்தச் சம்பவத்தைப் பார்க்கிறோம் என்பது. இந்த மூன்றாவதைக் கவனிக்காததால்தான் குழப்பமே.

இன்றைய தினத்தில் நின்று பின்னால் திரும்பிப் பார்த்தால் பிரசன்ட் பெர்ஃபெக்ட். கடந்த காலத்தில் ஓரிடத்துக்குப் போய் நின்று, அங்கிருந்து இன்னும் பின்னால் திரும்பிப் பார்த்தால் பாஸ்ட் பெர்ஃபெக்ட். திரும்பிப் பார்க்காமல், சம்பவம் நடந்த நேரத்துக்கே போய் நடந்ததைச் சொன்னால் சிம்பிள் பாஸ்ட், அதாவது ஹேவ், ஹேட் இல்லாமல் வென்ட் போன்ற இரண்டாம் வடிவம் மட்டும்.

சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்த் உலகப் பட்டம் வென்ற ஆண்டுகள் 2000, 2007, 2008, 2010, 2012. இந்த ஐந்தை வைத்தே மூன்று டென்ஸையும் பார்த்துவிடலாம்.

"ஆனந்த் ஹேஸ் வன் த வேர்ல்ட் டைட்டில் ஃபைவ் டைம்ஸ்." நிற்பது இன்று. அவர் வாழ்க்கைக் கணக்கில் இதுவரை சேர்ந்திருப்பது ஐந்து.

"ஆனந்த் வன் த வேர்ல்ட் டைட்டில் இன் 2007." அந்த ஆண்டுக்கே போய்விட்டோம். இங்கே ஹேஸ் போட்டால் தவறு.

"பை த எண்ட் ஆஃப் 2010, ஆனந்த் ஹேட் வன் ஃபோர் டைட்டில்ஸ்." நிற்பது 2010 டிசம்பர். அங்கிருந்து பார்த்தால் நான்குதான் தெரியும். 2012 இன்னும் வரவில்லை.

நிற்கும் இடம் மாறியதும் பட்டங்களின் எண்ணிக்கையே மாறிவிட்டதைக் கவனியுங்கள். ஹேஸ், ஹேட் வித்தியாசம் வெறும் இலக்கண அலங்காரம் இல்லை.

மூன்றாம் படி: இரண்டுமே வேண்டாமோ என்று பாருங்கள்

ஹேவ் போடுவதா ஹேட் போடுவதா என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பல நேரங்களில் சரியான விடை சிம்பிள் பாஸ்ட். வகுப்புகளில் இதை அழுத்திச் சொல்வதே இல்லை என்பது என் வருத்தம்.

வாக்கியத்தில் முடிந்துபோன ஒரு நேரம் வெளிப்படையாக இருக்கிறதா என்று தேடுங்கள். எஸ்டர்டே, டூ டேஸ் அகோ, ஆன் மண்டே, இன் 2019 போன்றவை. இருந்தால் ஹேவ் அங்கே வரவே கூடாது. "2019ல் சிங்கப்பூர் போயிருக்கிறேன்" என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் "ஐ வென்ட் டு சிங்கப்பூர் இன் 2019" மட்டுமே. ஆண்டைச் சொல்லாமல் போன அனுபவத்தை மட்டும் சொன்னால் "ஐ ஹேவ் பீன் டு சிங்கப்பூர்".

நேரம் இருக்கிறது, ஆனால் அந்த நேரத்துக்கு முன்னால் நடந்த இன்னொன்றைச் சொல்லவில்லை என்றால் ஹேட்டும் வேண்டாம். தொடக்கத்தில் பார்த்த மெயில் வாக்கியம் இந்த வகை. "ஐ சென்ட் யூ எ மெயில் எஸ்டர்டே. ஹேவ் யூ சீன் இட்?" இப்படி எழுதினால் போதும். முதல் வாக்கியம் நேற்றில் நிற்கிறது, இரண்டாவது இன்றில் நிற்கிறது.

"நேற்று உங்களைப் பார்க்க வந்திருந்தேன், நீங்கள் இல்லை" என்பதும் அப்படியே: "ஐ கேம் டு சீ யூ எஸ்டர்டே, பட் யூ வேரன்ட் இன்." தமிழில் இந்த "இருந்தேன்" என்பது "வந்தேன், இருந்தேன், பிறகு போய்விட்டேன்" என்ற முழு நிகழ்வையும் சேர்த்துச் சொல்கிறது. ஆங்கில ஹேட்டுக்கு அந்த வேலை கிடையாது. இன்னொரு கடந்தகாலச் சம்பவத்தோடு ஒப்பிட்டு, இது அதற்கும் முந்தையது என்று காட்டுவதுதான் அதன் பிழைப்பு. ஒப்பிட ஒன்றுமில்லை என்றால் அது அநாதையாக நிற்கும். அதே மெயிலைப் பற்றி "ஐ ஹேட் ஆல்ரெடி சென்ட் த மெயில் வென் யூ கால்ட்" என்றால் ஹேட்டுக்கு வேலை கிடைத்துவிட்டது. நீங்கள் கூப்பிட்டது ஒரு புள்ளி, அனுப்பியது அதற்கு முந்தைய புள்ளி.

மறைந்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். "பாரதி ஹேஸ் லிவ்ட் இன் புதுச்சேரி" என்றால் அவர் இன்றும் உயிரோடு இருப்பதுபோல் ஒலிக்கும். "பாரதி லிவ்ட் இன் புதுச்சேரி" என்பதே சரி.

நான்காம் படி: பிரசன்ட் பெர்ஃபெக்ட்டுக்கு இன்றோடு என்ன ஒட்டு?

முடிந்த நேரம் எதுவும் குறிப்பிடவில்லை, பேச்சு இன்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்றால் ஹேவ். அந்த ஒட்டு பல விதமாக இருக்கும்.

நடந்ததன் விளைவு இப்போது கையில் இருக்கலாம். "ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ" என்றால் சாவி இப்போதும் இல்லை, வாசலில் நிற்கிறேன். "ஐ லாஸ்ட் மை கீ" என்றால் கிடைத்ததா இல்லையா என்பதை வாக்கியம் சொல்லவில்லை. தமிழில் இதற்குப் பெரும்பாலும் விட்டது, ஆச்சு போன்றவை ஈடாக வரும். பஸ் வந்துவிட்டது: "த பஸ் ஹேஸ் கம்." சாப்பிட்டாச்சா: "ஹேவ் யூ ஈட்டன்?"

வாழ்நாள் அனுபவத்தைச் சொல்லலாம். எவர், நெவர் இரண்டும் இங்கேதான் அதிகம் வரும். "ஹேவ் யூ எவர் சீன் ஸ்னோ?" இதற்கு "எஸ், ஐ ஹேவ்" என்று பதில் சொல்லிவிட்டு, எப்போது, எங்கே என்று விவரம் சொல்லத் தொடங்கியதும் சிம்பிள் பாஸ்டுக்கு மாறிவிட வேண்டும்: "ஐ சா இட் இன் மணாலி." செய்தி எழுதுகிறவர்களும் இதையே செய்கிறார்கள். முதல் வரியில் "த மினிஸ்டர் ஹேஸ் ரிசைன்ட்", அடுத்த வரியில் "ஹி சென்ட் ஹிஸ் லெட்டர் ஆன் டியூஸ்டே". கதவைத் திறக்க ஹேஸ், உள்ளே போய்விட்டால் சிம்பிள் பாஸ்ட்.

நேரம் இன்னும் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். காலை பத்து மணிக்கு "ஐ ஹேவ் ஹேட் த்ரீ காஃபீஸ் திஸ் மார்னிங்" என்று சொல்வேன். மாலை நான்கு மணிக்கு அதே காபிகளைப் பற்றி "ஐ ஹேட் த்ரீ காஃபீஸ் திஸ் மார்னிங்" என்பேன். இந்த இரண்டாவது வாக்கியத்தில் ஹேட் இருந்தாலும் அது பாஸ்ட் பெர்ஃபெக்ட் இல்லை, சாதாரண சிம்பிள் பாஸ்ட். ஏமாந்துவிடாதீர்கள்.

பீன், கான் வித்தியாசமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "மதுரைக்குப் போயிருக்கிறார்" என்ற ஒரே தமிழ் வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. ஆள் இப்போது மதுரையில் என்றால் "ஹி ஹேஸ் கான் டு மதுரை". எப்போதோ போய் வந்தவர் என்றால் "ஹி ஹேஸ் பீன் டு மதுரை". எதிரில் உட்கார்ந்துகொண்டு "ஐ ஹேவ் கான் டு மதுரை" என்றால் கேட்பவர் விழிப்பார்.

அமெரிக்கர்கள் ஜஸ்ட், ஆல்ரெடி, எட் வரும் இடங்களில் சிம்பிள் பாஸ்டையே எளிதாகப் போடுவார்கள். "டிட் யூ ஈட் எட்?" என்பது அங்கே இயல்பு. பிரிட்டிஷ் வழக்கில் "ஹேவ் யூ ஈட்டன் எட்?" தேர்வுக்குப் படிப்பவர்கள் பிரிட்டிஷ் வழக்கைப் பிடித்துக்கொள்வது பாதுகாப்பு.

ஐந்தாம் படி: ஹேட் எப்போது கட்டாயம், எப்போது விருப்பம்?

பள்ளி இலக்கண வகுப்பில் டாக்டர் வருவதற்குள் இறந்துபோன அந்த நோயாளியை அறியாதவர் நம்மில் குறைவு. "த பேஷன்ட் ஹேட் டைட் பிஃபோர் த டாக்டர் கேம்." தலைமுறை தலைமுறையாக அவர் இறந்துகொண்டே இருக்கிறார். அந்த எடுத்துக்காட்டில் பிழை இல்லை. ஆனால் ஹேட் ஏன் தேவை என்பதை விளக்க அது பொருத்தமானதும் இல்லை. பிஃபோர் என்ற சொல்லே எது முதலில், எது பிறகு என்று சொல்லிவிடுகிறது. ஆகவே "த பேஷன்ட் டைட் பிஃபோர் த டாக்டர் கேம்" என்பதும் முழுக்கச் சரி. ஆஃப்டருக்கும் அப்படியே.

பிஃபோரை எடுத்துவிட்டு வென் போட்டுப் பாருங்கள்.

"வென் த டாக்டர் கேம், த பேஷன்ட் ஹேட் டைட்." டாக்டர் வந்தபோது உயிர் ஏற்கெனவே போயிருந்தது.

"வென் த டாக்டர் கேம், த பேஷன்ட் டைட்." டாக்டர் வந்தார், நோயாளி இறந்தார். டாக்டரைப் பார்த்ததும் உயிர் போனதுபோல் ஆகிவிட்டது.

வென் தானாக வரிசையைச் சொல்லாது. வரிசையைச் சொல்லும் பொறுப்பு முழுவதும் ஹேட்டின் தலையில் விழுகிறது. எனவே விதியை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஹேட்டை எடுத்துவிட்டால் சம்பவங்களின் வரிசை குழம்புகிறதா? குழம்பினால் கட்டாயம். குழம்பாவிட்டால் உங்கள் விருப்பம். பை த டைம் வந்தால் யோசிக்காமல் ஹேட் போடலாம்.

நடந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகும்போது ஹேட் வேண்டவே வேண்டாம். எழுந்தேன், குளித்தேன், கிளம்பினேன் என்பதற்கு "ஐ வோக் அப், டுக் எ பாத் அண்ட் லெஃப்ட்". ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்ததே என்று முதல் இரண்டுக்கு ஹேட் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சொல்லும் வரிசையும் நடந்த வரிசையும் ஒன்றானால் பின்னால் திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது? கதையில் முன்கதைக்குப் போகும்போதுதான் ஹேட் தேவை. அப்போதும் முதல் ஓரிரு வாக்கியங்களுக்குப் போட்டால் போதும். வாசகர் முன்கதைக்குள் வந்துவிட்டார் என்று தெரிந்ததும் சிம்பிள் பாஸ்டுக்கு இறங்கிவிடலாம். பத்தி முழுக்க ஹேட் ஹேட் என்று தட்டினால் படிக்கச் சலிப்பு.

நுணுக்கமான ஓரிடம் உண்டு. "ஷி ஹங் அப் பிஃபோர் ஐ ஹேட் ஃபினிஷ்ட் ஸ்பீக்கிங்." நான் பேசி முடிக்குமுன் போனை வைத்துவிட்டாள். முதலில் நடந்தது அவள் வைத்தது. ஆனால் ஹேட் ஒட்டியிருப்பதோ பேசி முடிப்பதில்! இது விதிவிலக்குபோல் தோன்றும். இங்கே ஹேட் முந்தியதைக் காட்டவில்லை, முடிவடைதலைக் காட்டுகிறது. அவள் போனை வைத்த நொடியில் என் பேச்சு முடிந்த நிலையை எட்டவில்லை. முந்தியதற்குத்தான் ஹேட் என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்த வாக்கியம் புரியாது.

ஆறாம் படி: காட்சியை அப்படியே பின்னால் நகர்த்திப் பாருங்கள்

பழகுவதற்கு எனக்குப் பிடித்த முறை இதுதான். சரியான பிரசன்ட் பெர்ஃபெக்ட் வாக்கியம் ஒன்றை எடுங்கள். அதே காட்சி நேற்று நடந்ததாக வைத்து மாற்றிச் சொல்லுங்கள்.

"திஸ் இஸ் த ஃபர்ஸ்ட் டைம் ஐ ஹேவ் ஃப்ளோன்." விமானத்தில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்வது. ஊர் திரும்பிய பிறகு சொன்னால்: "இட் வாஸ் த ஃபர்ஸ்ட் டைம் ஐ ஹேட் ஃப்ளோன்." இஸ் என்பது வாஸ் ஆனதும் ஹேவ் என்பது ஹேட் ஆகிவிட்டது.

"ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் அன் ஹவர்" என்றால் இன்னும் நிற்கிறேன். "ஐ ஹேட் பீன் வெயிட்டிங் ஃபார் அன் ஹவர் வென் த பஸ் கேம்" என்றால் அந்தக் காத்திருப்பு பஸ் வந்ததோடு முடிந்தது.

சின்ஸ், ஃபார் சிக்கலும் இதிலேயே தீரும். "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015" என்பது நம் ஊர்ப் பிழைகளில் தலையாயது. தமிழில் "2015லிருந்து இங்கே வேலை பார்க்கிறேன்" என்று நிகழ்காலம் போதும். ஆங்கிலத்தில் அன்றிலிருந்து இன்றுவரை என்று நீண்டால் "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015". சின்ஸுக்குப் பின் தொடங்கிய புள்ளி வரும், ஃபாருக்குப் பின் கால அளவு வரும்.

பிறர் சொன்னதைச் சொல்லும்போதும் இதே நகர்வுதான். அவன் சொன்னது "ஐ ஹேவ் லாஸ்ட் மை பாஸ்போர்ட்" என்றாலும் சரி, "ஐ லாஸ்ட் மை பாஸ்போர்ட்" என்றாலும் சரி, நீங்கள் சொல்லும்போது "ஹி செட் ஹி ஹேட் லாஸ்ட் ஹிஸ் பாஸ்போர்ட்". செட் என்றதும் அவன் பேசிய நேரத்துக்குப் போய் நின்றுவிட்டோம்; தொலைத்தது அதற்கும் முன்.

காலத்தோடு தொடர்பில்லாமல் ஹேட் வரும் ஓரிடத்தில் மட்டும் தமிழை அப்படியே நம்பலாம். "தெரிந்திருந்தால் வந்திருப்பேன்" என்பதற்கு "இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்". இருந்தால் என்பதற்கு ஹேட், இருப்பேன் என்பதற்கு வுட் ஹேவ். அச்சாகப் பொருந்துகிறது. இஃப் பக்கத்தில் வுட் ஹேவ் போட்டுவிடாமல் பார்த்துக்கொண்டால் சரி.

ஏழாம் படி: கைப்பழக்கம்

கீழே உள்ளவற்றுக்கு விடையைப் படிக்குமுன் நீங்களே ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

"திங்கட்கிழமையே ரிப்போர்ட் அனுப்பியிருந்தேன்." முடிந்த நேரம் இருக்கிறது, ஒப்பிட வேறு சம்பவம் இல்லை. "ஐ சென்ட் த ரிப்போர்ட் ஆன் மண்டே."

"அண்ணன் 2018லிருந்து துபாயில் இருக்கிறார்." "மை பிரதர் ஹேஸ் லிவ்ட் இன் துபாய் சின்ஸ் 2018." அவர் ஊர் திரும்பிவிட்டார், திரும்புவதற்கு முன் ஆறு ஆண்டுகள் அங்கே இருந்தார் என்றால் "ஹி ஹேட் லிவ்ட் தேர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ் பிஃபோர் ஹி கேம் பேக்". பிஃபோர் இருப்பதால் வெறும் லிவ்ட் போட்டாலும் குற்றமில்லை.

1912 ஏப்ரல் 15 அதிகாலை 2.20க்கு டைட்டானிக் மூழ்கியது. உதவிக்கு விரைந்த கார்பேத்தியா கப்பல் சுமார் 4 மணிக்கு அங்கே வந்தது. வென் போட்டு இதை ஒரே வாக்கியமாக்குங்கள். "வென் த கார்பேத்தியா அரைவ்ட், த டைட்டானிக் ஹேட் சங்க்." ஹேட்டை விட்டுவிட்டு சாங்க் என்றால் உதவிக் கப்பல் வந்து சேர்ந்ததும் டைட்டானிக் மூழ்கியதாக வரலாறே மாறிவிடும்.

தென்துருவத்தை 1911 டிசம்பர் 14ல் நார்வே நாட்டுப் பயணி அமுண்ட்சென் முதலில் அடைந்தார். பிரிட்டனின் ஸ்காட் குழு 1912 ஜனவரி 17ல் போய்ச் சேர்ந்தபோது அமுண்ட்சென் விட்டுச் சென்ற கூடாரம் அங்கே இருந்தது. "வென் ஸ்காட் ரீச்ட் த போல், ஹி ஃபவுண்ட் த டென்ட் அமுண்ட்சென் ஹேட் லெஃப்ட் தேர்." மூன்று வினைகளில் ஹேட் ஒன்றுக்குத்தான். அடைந்ததும் கண்டதும் அடுத்தடுத்து நடந்தவை, ஆகவே சிம்பிள் பாஸ்ட். விட்டுச் சென்றது மட்டும் அதற்கு ஒரு மாதம் முந்தியது.

"இவ்வளவு பெரிய விமானத்தை நான் பார்த்ததே இல்லை." தஞ்சைப் பெரிய கோயில் முற்றத்தில் நின்று, கருவறைக்கு மேல் எழும் கோபுரமான விமானத்தை அண்ணாந்து பார்த்தபடி சொன்னால் "ஐ ஹேவ் நெவர் சீன் சச் எ பிக் டவர்". ஊருக்கு வந்து அந்தப் பயணத்தை விவரிக்கும்போது சொன்னால் "ஐ ஹேட் நெவர் சீன் சச் எ பிக் டவர்". ஊருக்கு வந்த பிறகும் ஹேவ் என்றே சொல்ல விரும்பினால் அதற்கும் வழி உண்டு: "ஐ ஹேவ் நெவர் சீன் எ பிக்கர் ஒன்." இன்றுவரை அதைவிடப் பெரிதாக எதையும் பார்க்கவில்லை என்று பொருள் மாறிவிடும், இலக்கணம் சரியாகவே இருக்கும்.